மெட்ரோ ஸ்டேஷனை ஏன் இவ்வளவு ஆழத்தில் கட்டுகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடம் கட்டுவதற்கு முன் மண்ணில் துளை போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். சென்னையில் மெட்ரோ வேலை தொடங்கிய நாளிலிருந்து, இது தெரிந்த யாரைப் பார்த்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. கல்யாண வீட்டில், டீக்கடையில், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சப்வேன்னா ரோடு மழையில முங்குமே, அந்தப் பாதைதானே? அதுல என்ன ஆழம்?

நம் ஊரில் அப்படித்தான். தி.நகர்க்காரர்களிடம் சப்வே என்றால் துரைசாமி சப்வேதான் நினைவுக்கு வரும். நியூயார்க்கில் அதே சொல் தரைக்கு அடியில் ஓடும் ரயிலைக் குறிக்கிறது. லண்டனில் அதை அண்டர்கிரவுண்டு அல்லது டியூப் என்பார்கள், நமக்கு மெட்ரோ. இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது ரயிலைப் பற்றி.

பத்தடி, இருபதடி போனா போதாதா? எதுக்கு நாலஞ்சு மாடி இறங்கணும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலைக்கு நேர் கீழே குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கேபிள் எல்லாம் போகின்றன. அவற்றுக்கு மட்டுமே இரண்டு மூன்று மீட்டர் விட வேண்டும். அதற்குக் கீழே ஸ்டேஷனின் கூரைத் தளம். அதன் கீழே டிக்கெட் எடுக்கும் தளம். அதற்கும் கீழே பிளாட்ஃபார்ம், அதன் அடியில் தண்டவாளம். ஒவ்வொரு தளத்துக்கும் உயரம் வேண்டும், காற்றுக் குழாய்களுக்கு இடம் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 15 மீட்டர் சுலபமாக வந்துவிடும்.

இன்னொரு பக்கம் சுரங்கமும் ஒரு கணக்குப் போடுகிறது. இயந்திரம் குடையும் சுரங்கத்துக்கு மேலே, சுரங்கத்தின் விட்டம் அளவுக்காவது மண் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. சென்னைச் சுரங்கங்களின் உள்விட்டம் சுமார் 5.8 மீட்டர். அதற்கு மேலே ஆறு மீட்டர் மண்ணை விட்டுப் பாருங்கள், தண்டவாளம் தானாகவே சுமார் 12 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே 15 முதல் 20 மீட்டர் வரை உள்ள ஸ்டேஷனை ஆழமானது என்று சொல்ல மாட்டேன். அது சாதாரண அளவு. 30 மீட்டரைத் தாண்டினால்தான் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அப்போ உண்மையிலேயே ஆழமான ஸ்டேஷன்னா எது?

உக்ரைன் தலைநகர் கீவில் 1960இல் திறந்த ஆர்சனால்னா ஸ்டேஷன் 105.5 மீட்டர் ஆழம். பல ஆண்டுகள் உலகிலேயே ஆழமானது என்று அதைத்தான் சொன்னார்கள். சீனாவின் சோங்சிங் நகரில் 2022இல் திறந்த ஹோங்யான்சுன் 116 மீட்டர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள அட்மிரல்தெய்ஸ்கயா 86 மீட்டர். லண்டனில் ஹாம்ஸ்டெட் 58 மீட்டருக்குச் சற்று மேல். சிங்கப்பூரின் பென்கூலன் எம்ஆர்டி (அந்த ஊர் மெட்ரோ) நிலையம் 43 மீட்டர்.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 54 மீட்டர் உயரம். அதைப் போல இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறக்கினால், கிட்டத்தட்ட ஆர்சனால்னா பிளாட்ஃபார்மில் போய் நிற்கும்.

ஆழமா தோண்டுனா செலவு ஜாஸ்திதானே? தெரிஞ்சும் ஏன் செய்யறாங்க?

ஜாஸ்திதான். ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் பக்கத்துச் சுவரைத் தள்ளும் மண்ணின் அழுத்தம் கூடும், தண்ணீரின் அழுத்தம் கூடும், சுவர் தடிமனாகும், எஸ்கலேட்டர் நீளமாகும், காற்று அனுப்பும் விசிறி பெரிதாகும். அதோடு முடிவதில்லை. கட்டி முடித்த பிறகு நூறு வருஷத்துக்கு தினமும் அத்தனை பேரும் அத்தனை தூரம் ஏறி இறங்க வேண்டும். அந்த நேரமும் ஒரு செலவுதானே?

அதனால், பெருமைக்காக ஆழம் போகும் பொறியாளரை நான் பார்த்ததில்லை. மேலே இடம் கிடைத்தால் மேலேயே கட்டுவார்கள். கிடைக்காததற்குக் காரணங்கள் ஒரு கைவிரலில் எண்ணும் அளவுதான்: மண், மேடுபள்ளம், ஆறு, ஏற்கெனவே கீழே இருப்பவை, சில ஊர்களில் போர். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மண்ணுன்னா எல்லாம் மண்ணுதானே? அதுல என்ன வித்தியாசம்?

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். துளை போடும் இடத்தில் முக்காலி நிறுத்தி, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவோம். கீழே இருக்கும் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவோம். சேற்று மண்ணில் இரண்டு மூன்று அடியிலேயே குழாய் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல இறுகிய மண்ணில் ஐம்பது அடி அடித்தாலும் முழுசாக இறங்காது. ஒரே மனைக்குள் இரண்டு துளை போட்டு, ஒன்றில் பத்து மீட்டரில் பாறையும் மற்றதில் பதினைந்து மீட்டர் வரை மணலும் வந்ததைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பரங்கிமலைப் பக்கம் பாறை சீக்கிரம் தட்டுப்படும். கடற்கரைப் பக்கம் மணலும் களியும் அடுக்கடுக்காக வரும்.

இதன் முழு விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போக வேண்டும். நேவா ஆறு கடலில் சேரும் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த நகரம் அது. மேல் அடுக்குகளில் தண்ணீர் ஊறிய மணலும் சேறும்தான். அதில் குடைந்தால் மண் குழம்பு மாதிரி உள்ளே வழியும். ஆனால் அந்தக் குழம்புக்கெல்லாம் கீழே, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அமுங்கிக் கிடக்கும் நீல நிறக் களிமண் அடுக்கு இருக்கிறது. தண்ணீர் புகாது, வெட்டினால் வெட்டிய இடத்தில் நிற்கும். 1955இல் திறந்த அந்த ஊர் மெட்ரோ, பெரும்பாலும் அந்தக் களிமண்ணைத் தேடித்தான் கீழே போனது. பல ஸ்டேஷன்கள் 50, 60 மீட்டரில் இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

அங்கேயும் மண் ஏமாற்றியிருக்கிறது. 1974இல் லெஸ்னயா, ப்ளோஷ்சத் முழெஸ்த்வா என்ற இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே குடைந்தபோது, பழங்காலத்தில் ஓடி மண்மூடிப்போன ஆற்றுப் படுகை ஒன்று குறுக்கே வந்தது. களிமண் இருக்க வேண்டிய ஆழத்தில் புதைமணல். அது சுரங்கத்துக்குள் பாய்ந்தது. திரவ நைட்ரஜனை இறக்கி அந்த மண்ணையே உறைய வைத்துத்தான் வேலையை முடித்தார்கள். ஆனாலும் 1995இல் கசிவு மீறிப்போய்ப் பாதையை மூட வேண்டியதாயிற்று. புதிதாக வேறு சுரங்கம் போட்டு மறுபடி ரயில் விட்டது 2004இல்தான்.

களிமண்ணுல வீடே கட்டக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அதுல எப்படி சுரங்கம்?

நீங்கள் சொல்வது தரைக்குப் பக்கத்தில் இருக்கும் களி. மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும், சுவரில் விரிசல் விடும். வெயிலும் மழையும் எட்டாத ஆழத்தில் இருக்கும் பழைய களி அப்படியில்லை. புதுசாகப் பிரித்த சோப்புக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி இறங்கும், ஆனால் உதிராது. சுரங்கம் போடுகிறவனுக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. பாறை மாதிரி வெடி வைக்கவும் வேண்டாம், மணல் மாதிரி சரியவும் சரியாது.

லண்டன் கதையும் இதுதான். 1863இல் அங்கே ஓடிய முதல் பாதாள ரயிலுக்குத் தெருவைத் திறந்து, பள்ளம் தோண்டி, மேலே மூடினார்கள். நீராவி எஞ்சின் என்பதால் புகை போக வழி வேண்டும், ஆழம் போகவே முடியாது. மின்சார ரயில் வந்த பிறகு, 1890இல் முதல் ஆழ்குழாய்ப் பாதை திறந்தது. ஜேம்ஸ் கிரேட்ஹெட் என்ற பொறியாளர் உருவாக்கிய இரும்புக் கவசத்துக்குள் நின்றபடி லண்டன் களிமண்ணை ஆட்கள் வெட்டி எடுத்தார்கள். தேம்ஸுக்கு வடக்கே அந்தக் களி தாராளமாக இருக்கிறது. தெற்கே மணலும் சரளையும் கலந்த இடங்கள் அதிகம். தெற்கு லண்டனில் டியூப் பாதைகள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஸ்டேஷன் நூறு மீட்டர் ஆழம், அடுத்தது தரைக்கு மேலன்னு படிச்சேன். ரயில் என்ன மலை ஏறுதா?

ரயில் அநேகமாக ஏறவே இல்லை. தரைதான் இறங்குகிறது. கீவில் த்னிப்ரோ ஆற்றின் வலது கரை செங்குத்தான மேடு. ஆர்சனால்னா அந்த மேட்டின் உச்சிக்கு அடியில் இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் ஆற்றங்கரையில், மேட்டின் அடிவாரத்தில். ரயில் மேட்டின் வயிற்றுக்குள்ளிருந்து வெளியே வந்து அப்படியே ஆற்றுப் பாலத்தில் ஏறிவிடுகிறது.

மெட்ரோ ரயில் 100 மீட்டர் தூரத்துக்கு மூன்று நான்கு மீட்டருக்கு மேல் ஏறுவது கஷ்டம். நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் நீளச் சரிவு வேண்டும். ஆற்றங்கரையில் அதற்கு இடமில்லை. அதனால் ரயிலை மட்டமாக விட்டுவிட்டு, மனிதர்களை எஸ்கலேட்டரில் ஏற்றிவிட்டார்கள். நியூயார்க்கில் 191ஆவது தெரு ஸ்டேஷன் சுமார் 55 மீட்டர் ஆழத்தில் இருப்பதும் இதே கணக்குதான். அதற்கு அடுத்த டைக்மன் தெருவில் மேடு முடிந்து ரயில் வெளியே வந்துவிடுகிறது. ஹாம்ஸ்டெட்டும் ஒரு மேடு. சோங்சிங்கோ ஊரே மலை.

ஆத்துக்கு அடியில போறதாலயும் ஆழம் கூடுமா?

கூடும். ஆற்றின் அடிமட்டத்துக்குக் கீழேயும் முன்னே சொன்ன மண் கனம் விட வேண்டும். அந்த ஆழத்திலிருந்து ரயில் மெதுவாகத்தான் ஏற முடியும் என்பதால், கரையில் உள்ள ஸ்டேஷனும் சேர்ந்து ஆழமாகிவிடும். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் பாதை 2024இல் திறந்தது. ஹவுரா மெட்ரோ ஸ்டேஷன் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு ஆறுதான் காரணம். இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் 2013இல் திறந்த மர்மராய் பாதையில், கரையோரம் உள்ள சிர்கெஜி நிலையமும் சுமார் 60 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. சென்னையிலும் இரண்டாம் கட்டத்தில் அடையாற்றுக்கு அடியில் சுரங்கம் குடைந்தார்கள். அதற்கான இயந்திரங்களுக்குக் காவேரி, அடையாறு என்றே பெயர் வைத்தார்கள்.

நம்ம சென்ட்ரல் மெட்ரோ மட்டும் ஏன் அவ்வளவு கீழ போகுது?

இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் அது. ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் போக முடியும். ஆலந்தூரில் இதையே மேம்பாலத்தில் பார்க்கலாம்: ஒரு பிளாட்ஃபார்மிலிருந்து படியேறி இன்னொரு பிளாட்ஃபார்முக்குப் போகிறோம். ஆலந்தூரை அப்படியே கவிழ்த்து மண்ணுக்குள் வைத்தால் சென்ட்ரல்.

பாதைகள் கூடக்கூட, பிறகு வருபவருக்குக் கீழ்த்தளம்தான் மிச்சம். டோக்கியோவில் 2000இல் முழுமையாகத் திறந்த ஓயெதோ பாதை, ஏற்கெனவே அடியில் இருந்த அத்தனை பாதைகளையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அதன் ரொப்பொங்கி ஸ்டேஷன் 42 மீட்டர். சிங்கப்பூரில் 2017இல் திறந்த பென்கூலனுக்கும் ஏறக்குறைய அதே நிலை. குறுகலான தெரு, சுற்றிலும் கட்டடங்கள், பக்கத்தில் பழைய பாதைகள். ஜப்பானில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. பெருநகரங்களில் பொதுவாக 40 மீட்டருக்குக் கீழே பொதுப் பணிக்காகச் சுரங்கம் போட்டால், மேலே உள்ள நிலத்துக்காரருக்கு வழக்கமாக இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2000இல் கொண்டுவந்தார்கள்.

ஊரைத் தோண்ட முடியாமல் போவதும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அட்மிரல்தெய்ஸ்கயாவில் கீழே பிளாட்ஃபார்ம் 1997லேயே தயார். மேலே பழைய மாளிகைகளுக்கு நடுவில் வாசல் வைக்க வழி கிடைக்கவில்லை. 2011 டிசம்பர் வரை ரயில்கள் அங்கே நிற்காமலே கடந்து போயின.

குண்டு போட்டா ஒளிஞ்சுக்கத்தான் ஆழமா கட்டுனாங்கன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். நிஜமா?

சில இடங்களில் நிஜம். 1935இல் மாஸ்கோவில் திறந்த அர்பாட் பாதை ஆழமில்லாதது. 1941இல் ஜெர்மன் விமானம் போட்ட குண்டு அந்தச் சுரங்கத்தின் கூரையைப் பிளந்தது. போருக்குப் பிறகு அதே வழியில் இன்னொரு பாதையை மிக ஆழத்தில் கட்டி 1953இல் திறந்தார்கள். பழைய பாதை அங்கேயே இருக்கும்போது இன்னொன்றை ஆழத்தில் கட்டியதற்கு மண்ணைக் காரணம் சொல்ல முடியாது. அது பாதுகாப்புக்காகவே. 1973இல் திறந்த வட கொரியாவின் பியாங்யாங் மெட்ரோவும் அந்த எண்ணத்தில் வந்தது. சிங்கப்பூரில் பல எம்ஆர்டி நிலையங்களைத் தற்காப்புக் காப்பிடமாகவும் பயன்படும்படி, கனத்த எஃகுக் கதவுகளோடு கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் "எல்லா ஆழமான ஸ்டேஷனும் பங்கர்தான்" என்ற பேச்சை நம்பாதீர்கள். ஹாம்ஸ்டெட்டைக் கட்டியபோது விமானக் குண்டு வீச்சு என்பதே இல்லை. இருந்தும் இரண்டாம் உலகப் போரில் லண்டன் மக்கள் போர்வையும் தலையணையுமாக டியூப் பிளாட்ஃபார்ம்களில் படுத்து உயிர் பிழைத்தார்கள். 2022இல் கீவ் மக்கள் மெட்ரோவுக்குள் தங்கியதை நாம் செய்திகளில் பார்த்தோம். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்ஃபார்மில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய்மார்களின் படங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ரயிலுக்காகத் தோண்டிய இடம் அன்றைக்கு அவர்களுக்கு வீடாக இருந்தது.

பூகம்பம் வந்தா கீழ மாட்டிக்குவோமே?

பொதுவாக நிலநடுக்கத்தில் உயரமான கட்டடம் ஆடும் அளவுக்கு மண்ணுக்குள் இருக்கும் கட்டுமானம் ஆடாது. சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்து நகரும். ஆழம் போகப் போக ஆட்டமும் குறையும். விதிவிலக்கு ஒன்று உண்டு. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தில் டைகாய் ஸ்டேஷன் இடிந்தது. நடுவில் நின்ற தூண்கள் நசுங்கி, மேலே இருந்த சாலை இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. அது ஆழமான ஸ்டேஷன் அல்ல. மேலே நாலைந்து மீட்டர் மண் மட்டுமே இருந்த, 1960களில் கட்டிய பெட்டி. தூண்களுக்குள் குறுக்குக் கம்பி போதவில்லை. அதற்குப் பிறகு ஜப்பானில் இப்படிப்பட்ட தூண்களைப் பலப்படுத்தினார்கள்.

எங்க வீட்டுக்கு அடியில சுரங்கம் போகப் போகுதாம். ஆழமா போனா நல்லதா, மேலாகப் போனா நல்லதா?

ஒரே மண் என்றால் ஆழமாகப் போவதுதான் உங்களுக்கு நல்லது. சுரங்கம் குடையும்போது மேலே தரை கொஞ்சம் இறங்கும். ஆழம் அதிகமானால் அந்த இறக்கம் அகலமாகப் பரவி, ஒரே இடத்தில் விழாமல் மெலிதாகிவிடும். வீட்டைக் கெடுப்பது இறக்கத்தைவிட, ஒரு மூலை இறங்கி மறு மூலை நிற்பதுதான்.

ஆனால் 'ஒரே மண் என்றால்' என்று சொன்னேன், கவனியுங்கள். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில், கீழே சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. 2019 ஆகஸ்டு கடைசியில் கொல்கத்தா பவ்பஜாரில் இயந்திரம் நிலத்தடி நீர் அடுக்கைத் தொட்டதால் மேலே வீடுகள் இடிந்து, குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இயந்திரத்துக்கு முன்னால் இருக்கும் மண் சட்டென்று மாறுவதுதான் ஆபத்து. சென்னை மாதிரி பாறையும் மணலும் மாறி மாறி வரும் ஊரில் இது கூடுதல்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். வேலை தொடங்கும் முன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு விரிசலையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கட்டட நிலை ஆய்வுக்கு ஆள் வந்தால் கதவைத் திறந்து விடுங்கள். அவர்கள் எழுதியதில் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் உங்கள் பக்கம் பேசுவது அந்தக் காகிதம் மட்டும்தான்.

சென்னையில ரெண்டு ஆள் ஆழத்துலயே தண்ணி வருதே, ஸ்டேஷன் முங்காதா?

முங்குவதைவிட மிதப்பதுதான் பொறியாளரின் பயம். வாளியைக் காலியாகத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், அது கையைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். ஸ்டேஷனும் காலி வாளிதான். 20 மீட்டர் ஆழப் பெட்டி, 3 மீட்டரில் தண்ணீர் என்றால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 17 டன் மேலே தள்ளும். 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் வைத்துப் பெருக்கினால் 68,000 டன். தடிமனான தளம், கனத்த சுவர், மேலே மண், தேவைப்பட்டால் கீழே இழுத்துப் பிடிக்கும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) எல்லாம் அந்தத் தள்ளலுக்கு எதிராகத்தான்.

பக்கச் சுவரைப் பள்ளம் தோண்டும் முன்பே மண்ணுக்குள் வார்த்துவிடுகிறார்கள். பென்டோனைட் என்ற களிக் குழம்பை நிரப்பி, சுவருக்காக மட்டும் வெட்டிய குறுகிய பள்ளத்தைச் சரியாமல் பிடித்து, கம்பிக்கூடு இறக்கி, கான்கிரீட் ஊற்றினால் குழம்பு மேலே வந்துவிடும், சுவர் கீழே நின்றுவிடும். நம் ஊர் உறைகிணற்றில் உறையை வைத்து, உள்ளே மண்ணை எடுக்க எடுக்க அது தன் கனத்திலேயே இறங்குமே, அந்த முறையிலும் சில நாடுகளில் ஆழமான குழிகளை இறக்குகிறார்கள்.

மழைத் தண்ணீருக்கு வேறு ஏற்பாடு. சென்னையில் பல வாசல்களில் கீழே இறங்கும் முன் சில படிகள் மேலே ஏறுகிறோமே, வெள்ளம் உள்ளே வராமல் இருக்கத்தான் அது.

அவ்வளவு கீழ மூச்சு முட்டாதா? காது அடைக்குமா?

நூறு மீட்டர் இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் கூடும். பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. காற்றை விசிறிகள் அனுப்புகின்றன.

சூடுதான் உண்மையான தொல்லை. பூமியின் சூடு நூறு மீட்டருக்கு மூன்று டிகிரிதான். மீதி எல்லாம் ரயில் பிரேக் போடுவதாலும், மோட்டாராலும், மனித உடம்பாலும் வருவது. லண்டனில் சுரங்கம் போட்ட காலத்தில் களிமண் 14 டிகிரியில் இருந்தது. நூறு வருஷச் சூட்டைக் குடித்துக் குடித்து இப்போது 20 டிகிரியைத் தாண்டிய இடங்கள் உண்டு. சுரங்கத்துக்கு நல்லதாக இருந்த அதே களி, சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது.

தீப்பிடிச்சா அத்தனை பேரும் எப்படி மேல வருவாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் ஆழத்தின் பெரிய விலை இதுதான். புகை மேலே போகும், மக்களும் மேலேதான் போக வேண்டும். 1987இல் லண்டன் கிங்ஸ் கிராஸில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் விழுந்த தீக்குச்சியால் 31 பேர் இறந்தார்கள். 2003இல் தென் கொரியாவின் டேகு நகரில் ஒருவர் வைத்த தீயில் 192 பேர். பல நாடுகள் பின்பற்றும் விதி ஒன்று இருக்கிறது: பிளாட்ஃபார்மில் உள்ளவர்கள் 4 நிமிடத்தில் அதைவிட்டு வெளியேற வேண்டும், 6 நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். மிக ஆழமான ஸ்டேஷனில் ஆறு நிமிடத்தில் தெருவுக்கு வர முடியாது. ஆகவே கீழேயே புகை புகாத, தீ தாங்கும் படிக்கட்டு அறைகளைக் கட்டுகிறார்கள். அங்கே போய்விட்டால் நிதானமாக ஏறலாம். அடுத்த முறை போகும்போது அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்படி ஆழமா கட்டுனா அவங்க எப்படிப் போவாங்க?

லிஃப்ட்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஃபாரஸ்ட் க்ளென் ஸ்டேஷன் சுமார் 60 மீட்டர் ஆழம். அங்கே எஸ்கலேட்டரே கிடையாது. எல்லோருக்கும் வேகமான லிஃப்ட்கள்தான், மொத்தம் ஆறு. ஒன்று பழுதானாலும் ஐந்து ஓடும். ஆழமான ஸ்டேஷனில் ஒரே ஒரு லிஃப்ட் வைத்து, அது நின்றுபோனால் வயதானவர்களுக்கு அந்த ஸ்டேஷனே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆழத்துக்குத் தக்கபடி லிஃப்ட் எண்ணிக்கை கூட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மண்ணுக்காகக் கீழே போனோம் என்பது அம்மாவின் முழங்காலுக்குப் பதில் ஆகாது.

மேம்பாலம் போட்டு மேலயே ஓட்டிட்டா இவ்வளவு தொல்லை இல்லையே?

செலவு மிகக் குறையும், அதனால்தான் அகலமான சாலை உள்ள இடங்களில் மேலே ஓடுகிறது. குறுகிய தெருவில் தூண் வைக்க இடம் ஏது? பாரிமுனைப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் தினமும் போற ஸ்டேஷன் எவ்வளவு ஆழம்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

சுலபமாக முடியும். எஸ்கலேட்டர் பெரும்பாலும் 30 டிகிரி சரிவில் இருக்கும். அந்தச் சரிவில் எவ்வளவு நீளம் போகிறோமோ அதில் பாதிதான் உயரம். வழக்கமான வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்குகிறோம். கால் வைத்ததும் எண்ணத் தொடங்கி, நடக்காமல் நின்று, இறங்கும்போது நிறுத்துங்கள். 32 விநாடி என்றால் 8 மீட்டர். அடுத்த எஸ்கலேட்டருக்கும் அதே மாதிரி எண்ணிக் கூட்டுங்கள்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே எஸ்கலேட்டர் விநாடிக்கு 0.75 மீட்டர் வரை ஓடும். அந்த வேகத்திலேயே 60 மீட்டர் ஏற இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆகும். சந்தேகமாக இருந்தால் படிக்கட்டில் போய் எண்ணுங்கள். ஒரு படி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், அதனால் நூறு படிக்கு 15 மீட்டர். வாசலில் மேலே ஏறிய படிகளை மறக்காமல் கழித்துவிடுங்கள்.